தண்ணீர்த் திருவிழாவில் தண்ணீர் படக்கூடாத மூட்டை

திஞ்ஞான் என்ற பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா நாட்களில் யாங்கோனில் (ரங்கூனில்) காய்ந்த சட்டையோடு வீடு போய்ச் சேர முடியாது. ஏப்ரல் நடுவில் நான்கு நாள், தெருவுக்குத் தெரு பந்தல் போட்டு, குழாய் கட்டி, போகிற வருகிற எல்லார் மேலும் தண்ணீர் அடிப்பார்கள். யாரும் கோபித்துக்கொள்ளக்கூடாது. பழைய வருஷத்து அழுக்கைக் கழுவிவிடுகிறார்கள் என்று அர்த்தம். நம் சித்திரை முதல் நாளும் அதற்குள்ளேயே வந்துவிடுவதால் இங்குள்ள தமிழ் வீடுகளில் காலையில் மாங்காய்ப் பச்சடி, அப்புறம் தண்ணீர்ச் சண்டை என்று இரண்டும் நடக்கும். 2018 திஞ்ஞானில், ஒரு தெருவையே பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு "தண்ணீர் ஊற்றாதீர்கள்" என்று கத்திய ஆள் நான்தான்.

பயின்னாவுங் மொத்தச் சந்தைப் பக்கம் ஒரு பயறு கிடங்கில் சரக்குக் கணக்குப் பார்க்கிறவன் நான். உளுந்து, துவரை, பச்சைப்பயறு. பெரும்பகுதி இந்தியாவுக்குப் போகும். சென்னையில் நீங்கள் சாப்பிடும் இட்லியில் எங்கள் மேஸ்திரி தூக்கிவிட்ட உளுந்தும் கொஞ்சம் இருக்கலாம். பயறு இருந்தால் வண்டு வரும், வண்டு வந்தால் மருந்து வைக்க வேண்டும். மூட்டைகளை அட்டி போட்டு, மேலே தார்ப்பாய் மூடி, விளிம்பு நெடுக மணல் நிரப்பிய நீளப் பைகளை வைத்து அழுத்தி, உள்ளே தட்டுகளில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளை வைப்பார்கள். காற்றில் இருக்கிற ஈரமே போதும், மாத்திரை மெல்லக் கரைந்து பாஸ்பீன் என்ற வாயுவை விடும். 3 கிராம் மாத்திரை ஒன்று 1 கிராம் வாயு தரும். வண்டு, முட்டை, எலி எல்லாம் போய்விடும். உள்ளே மனிதன் மாட்டினால் அவனும்தான்.

வேலை முடிந்த பிறகு தட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு தூள் மிஞ்சும். அதை எங்கள் கிடங்கில் "செத்த மருந்து" என்போம். இந்தப் பேரை யார் வைத்தார்களோ, அவர்தான் அன்றைய விபத்துக்கு முதல் காரணம் என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன். ஒழுங்காக, சொன்ன நாள் முழுக்க விட்டு, நன்றாகப் பரப்பி வைத்த மருந்திலேயே கடைசியில் 100-க்கு 3 முதல் 5 பங்கு வரை வினைபுரியாமல் மிஞ்சி நிற்கும். அரைகுறையாக வைத்ததில் எவ்வளவு மிஞ்சும் என்பதற்குக் கணக்கே கிடையாது.

எங்களுடையது அரைகுறை. திஞ்ஞானுக்கு முன்னால் எல்லாரும் ஊருக்குப் போக வேண்டும். மருந்து வைக்கிற ஆட்கள் அவசரத்தில் மாத்திரைகளைத் தட்டில் ஒரு வரிசையாகப் பரப்பாமல், கைப்பிடி கைப்பிடியாகக் குவித்துவிட்டுப் போயிருந்தார்கள். குவியலுக்கு மேலே இருப்பது கரைந்து, அடியில் இருப்பது அப்படியே நிற்கும். குவித்தால் ஒரே இடத்தில் வாயு திரண்டு தானாகவே தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. போதாக்குறைக்கு, சொன்ன நாளுக்கு முன்பே தார்ப்பாயை எடுக்கச் சொன்னது நான். லீவுக்கு முன் இருப்புக் கணக்கை முடிக்க வேண்டும் என்ற அவசரம். மருந்துக் கம்பெனி, மேஸ்திரி, முதலாளி என்று வரிசையாகக் குற்றம் சொல்லலாம். "தூள் அகற்றப்பட்டது" என்று நோட்டில் கையெழுத்துப் போட்டது என் பேனா.

தூளைக் கூட்டி அள்ளிய பையன் கேட்டான்: "அண்ணே, இதைத் தனியா வைக்கணுமா?"

"செத்த மருந்துதானடா. உரச் சாக்குல போட்டுக் கட்டு. குப்பையோட போகட்டும்."

பிளாஸ்டிக் உள்பையோடு கூடிய உரச் சாக்கு. காற்றே போகாமல் வாயை இறுக்கிக் கட்டினான். இந்தத் தூளை மூடிய டப்பாவிலோ கட்டிய பையிலோ ஒருபோதும் வைக்கக்கூடாது என்பது அந்த மருந்து டின்னிலேயே அச்சடித்திருக்கிற எச்சரிக்கை. கொஞ்சம் ஈரம் பட்டாலும் உள்ளே வாயு சேரும், வெளியே போக வழி இருக்காது. காற்றில் 1.8 சதவீதத்தைத் தாண்டினால் பாஸ்பீனுக்குத் தீக்குச்சிகூட வேண்டாம், தானே பற்றிக்கொள்ளும். டின்னில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதியிருந்தது. எங்கள் கிடங்கில் வேலை செய்கிறவர்கள் படிப்பது பர்மியம், கொஞ்சம் பேர் தமிழ்.

சாக்கு, கிழிந்த கோணிகள், பழைய பலகைகள் எல்லாம் சின்ன லாரியின் பின்னால் ஏறின. ஹ்லைங் தாயாவில் இருக்கிற தெய்ன்பின் குப்பைமேட்டுக்கு. என் வீடும் அந்தப் பக்கம்தான். யாங்கோன் நகருக்குள் மோட்டார்சைக்கிளுக்குத் தடை என்பதால், கிடைத்த வண்டியில் ஏறிக்கொள்வது என் வழக்கம். டிரைவர் பர்மியர், என்னைவிட மூத்தவர், ஆகோ, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கிளம்பினோம்.

பாலத்துக்கு முன்னால் ஒரு பந்தல். முதலில் ஒரு சின்னப் பையன், பத்து வயது இருக்கலாம், வாளியோடு ஓடிவந்து பின்னால் ஊற்றினான். அப்புறம் பந்தலிலிருந்து குழாய்த் தண்ணீர் வண்டி நெடுகப் பொழிந்தது. ஆகோ சிரித்துக்கொண்டே ஹாரன் அடித்தார். நூறு அடி போயிருப்போம். பின்பக்கக் கண்ணாடியில் வெள்ளைப் புகை. நான் முதலில் தண்ணீர்த் துளிதான் வெயிலில் அப்படித் தெரிகிறது என்று நினைத்தேன். அப்புறம் வாடை வந்தது: பூண்டும் அழுகிய மீனும் சேர்ந்த மாதிரி. பழைய கார்பைடு கல் வாடை. சின்ன வயதில் மாம்பழக் குடோனில் மோந்த அதே வாடை. (கார்பைடு கல்லுக்கு அந்த வாடை வருவதும் அதில் கலந்திருக்கிற கொஞ்சம் பாஸ்பீனால்தான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.) இதில் ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூக்கை நம்பாதீர்கள். சுத்தமான பாஸ்பீனுக்கு வாடையே கிடையாது. நமக்கு அடிப்பது அதோடு கலந்து வருகிற மற்றவை. வாடை இல்லாததால் வாயு இல்லை என்று ஆகாது. வேலையிடத்தில் எட்டு மணி நேரத்துக்குச் சராசரியாக அனுமதிப்பது பத்து லட்சத்தில் 0.3 பங்குதான். 50 பங்கு உயிருக்கு உடனடி ஆபத்து என்று கணக்கு. இந்த வித்தியாசத்தை எந்த மூக்கும் அளக்காது.

ஆகோ வண்டியை நிறுத்தினார். நான் இறங்கி, செய்யக்கூடாத முதல் காரியத்தைச் செய்தேன். பின்னால் ஏறி, அந்தச் சாக்கை இழுத்துக் கீழே போடப் பார்த்தேன். பாதி இழுப்பதற்குள் வாய் பிய்த்துக்கொண்டு தூள் என் ஈரக் கையில் ஒட்டியது. சுருக்கென்று கொதித்தது. மூச்சை இழுத்தேன், நெஞ்சு அடைத்தது. அப்போது உள்ளே 'பட்' என்று ஒரு சத்தம், சின்னப் பட்டாசு மாதிரி. பச்சை கலந்த மஞ்சளாக ஒரு பளிச். குதித்துவிட்டேன்.

அந்த இடத்தில் ஓடிப்போய்விட்டிருந்தால் பாதிக் கதை முடிந்திருக்கும். ஆனால் அன்று திஞ்ஞான். வண்டி எரிகிறது என்று தெரிந்ததும் பந்தலில் இருந்தவர்கள், பெண்கள், கிழவர்கள், குடித்துவிட்டு ஆடிக்கொண்டிருந்த பையன்கள் எல்லாரும் உதவ ஓடிவந்தார்கள். உலகத்திலேயே அந்த நிமிஷத்தில் அத்தனை பேர் கையிலும் தண்ணீரோடு நின்ற தெரு வேறு இருந்திருக்காது. வாளி, குழாய், தண்ணீர்த் துப்பாக்கி. நல்ல மனசுக்காரர்கள். அந்த நல்ல மனசுதான் எனக்கு அன்று பெரிய பயமாக இருந்தது.

"யே மபெட் நே!" என்று கத்தினேன். தண்ணீர் அடிக்காதீர்கள். திஞ்ஞான் அன்று இப்படிக் கத்தினால் யார் கேட்பார்கள்? எல்லாரும் சொல்வதுதானே அது. சொன்னால் இன்னும் நாலு வாளி கூட ஊற்றுவார்கள். சிலர் சிரித்தார்கள். அப்போது ஆகோதான் எங்களைக் காப்பாற்றினார். அவர் தண்ணீரைப் பற்றிப் பேசவே இல்லை. "விஷம்! மூச்சு விடாதே, ஓடு!" என்று பர்மியத்தில் ஒரே கூச்சல். தண்ணீர் வேண்டாம் என்றபோது நின்றவர்கள், விஷம் என்றதும் ஓடினார்கள். இதை நான் எந்தப் பயிற்சியிலும் படிக்கவில்லை. தடுக்க வேண்டியது கூட்டத்தை என்றால், செய்யாதே என்று சொல்வதைவிட, என்ன ஆபத்து, எங்கே போக வேண்டும் என்று சொல்லுங்கள். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று ஆகோ கையைக் காட்டியதும் சரியாகவே அமைந்தது: காற்று வருகிற திசைக்கு, அதாவது புகைக்கு எதிர்ப்பக்கம். அவருக்கு அது தெரிந்து காட்டவில்லை, டீக்கடை அந்தப் பக்கம் இருந்ததால் காட்டினார். பரவாயில்லை.

வாயு காற்றைவிடக் கொஞ்சம் கனம், 1.2 மடங்குக்குச் சற்றுக் குறைவு. கூட வந்த வெள்ளைப் புகை வேறு: பாஸ்பீன் எரிந்து வருகிற பாஸ்பரஸ் ஆக்சைடு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலத் துளியாகிறது. கண்ணும் தொண்டையும் அதனால்தான் எரிகின்றன. திடப்பொருள் சிந்தினால் சுற்றிலும் எல்லாப் பக்கமும் குறைந்தது 25 மீட்டர் தூரத்தைக் காலி செய்ய வேண்டும், காற்று போகிற பக்கம் இன்னும் தூரம் என்பது முதல் விதி. நாங்கள் அளவு பார்க்கவில்லை. தெருவின் அந்தத் திருப்பம் வரை போகச் சொன்னோம்.

191-க்கு அழைத்தேன். பர்மாவில் தீயணைப்புக்கு அந்த எண். பதற்றத்தில் என் பர்மியம் குழறியது. ஆனால் ஒரு விஷயத்தில் அதிர்ஷ்டம். பில் போடுவதற்காக நான் வரும் ஒவ்வொரு டின்னையும் போனில் படம் எடுத்து வைப்பேன். அந்தப் படத்தில் நீல நிறச் சாய்சதுரம், உள்ளே தீச்சுடர், கீழே 4 என்ற எண். 'ஈரமானால் ஆபத்து' என்ற வகைக்கு அதுதான் அடையாளம், 4.3 என்பார்கள். பக்கத்தில் மண்டையோடு. அப்புறம் யூ.என். எண் 1397. அந்த நான்கு இலக்கத்தை வாசித்தேன். மறுமுனையில் இருந்தவர் ஒருகணம் நின்று, "தண்ணீர் அடிக்கவில்லையே?" என்று கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த எண்ணைச் சொன்னால் தீயணைப்பாளர்கள் கையில் இருக்கிற அவசரகால வழிகாட்டி நூலில் 139-ம் எண் குறிப்பைப் புரட்டலாம்; தண்ணீரும் நுரையும் கூடாது, உலர்ந்த மணல், சுண்ணாம்பு, சலவை சோடா, உலர்தூள் தீயணைப்பான், இல்லையென்றால் விலகி நின்று எரியவிடு என்று அதில் இருக்கும். டின்னில் எழுதியிருப்பதை எல்லாம் படிக்க வேண்டாம். அந்த எண் ஒன்றைப் படம் எடுத்து வைத்தால் போதும். லாரி ஓட்டுகிறவர்கள், கிடங்கு பார்க்கிறவர்கள், துறைமுகத்தில் வேலை பார்க்கிற தம்பிமார்கள் இதைச் செய்யுங்கள்.

தீயணைப்பு வண்டி திஞ்ஞான் நெரிசலில் வந்து சேரும்வரை என்ன செய்வது? உலர்ந்த மணல் போடு என்று யாராவது சொல்வது எளிது. பக்கத்தில் கட்டட வேலைக்காக ஒரு லோடு மணல் கொட்டிக் கிடந்தது. கையை விட்டுப் பார்த்தேன், சொதசொதவென்று ஈரம். மூன்று மணி நேரமாக அதன் மேல்தான் குழாய் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஈர மணலைப் போட்டால் தண்ணீரையே போட்ட மாதிரிதான். அந்தத் தெருவில் அன்றைக்கு உலர்ந்ததாக எதுவுமே இல்லை. கடைசியில் ஒரு வெல்டிங் கடையிலிருந்து உலர்தூள் தீயணைப்பான் ஒன்று வந்தது. கடைக்காரர் காற்று வருகிற பக்கம் தள்ளி நின்று, வண்டியின் பலகைப் பக்கத்தை நோக்கி அடித்தார். சாக்கில் பட்ட தீ அடங்கவில்லை, பலகை மட்டும் தப்பித்தது. அது போதும் என்று விட்டுவிட்டோம். எரிகிறது என்றால் வாயு எரிந்துகொண்டிருக்கிறது. அணைத்துவிட்டுத் தூளை அப்படியே வைத்தால் எரியாத விஷவாயு வெளியே வரும். எரிந்து தீரட்டும் என்று நிற்பதற்கு ரொம்பத் தைரியம் வேண்டும். ஆனால் பல சமயம் அதுதான் சரியான வேலை.

தீயணைப்பாளர்கள் முகமூடியும் முதுகில் காற்றுச் சிலிண்டரும் மாட்டிக்கொண்டு வந்தார்கள். துணி முகமூடி, கொரோனாவுக்குப் போட்டுக்கொண்டோமே அந்த மாதிரி எதுவும் இந்த வாயுவைத் தடுக்காது. எரியட்டும் என்று விட்டு, எரிந்து அடங்கியதும் தங்கள் வண்டியில் கொண்டு வந்த உலர்ந்த மணலைப் போட்டு மூடி, எங்கள் லாரியை ஒரு காலி மனையில் நிறுத்தி ஆள் நிற்க வைத்தார்கள். அதற்குள் அவர்களில் வயதானவர் என்னிடம் வந்து என் கையைப் பார்த்தார். தூள் ஒட்டிய இடம் சிவந்திருந்தது. உலர்ந்த துணியால் துடைத்துத் தட்டிவிட்டு, அப்புறம் குழாயடியில் நிற்க வைத்து, கால் மணி நேரம் கழுவச் சொன்னார். தண்ணீர் ஆகாது என்றீர்களே என்றேன். உடம்பில் கொஞ்சம் தண்ணீர்தான் ஆபத்து, நிறையத் தண்ணீர் நல்லது என்றார். முதலில் தூளைத் தட்டு, பிறகு தாராளமாகக் கழுவு. இந்த வரிசை மாறக்கூடாது. நனைந்த சட்டை, லுங்கி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். டீக்கடை அம்மா ஒரு பழைய லுங்கியைத் தூக்கிப்போட்டார். நடுத்தெருவில் நின்று உடுத்தினேன். அன்று என்னைப் பார்த்துச் சிரிக்காதவர் யாரும் இல்லை.

இரவு மூச்சு முட்டியது. அதனால்தான் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: இந்த வாயு பட்டவர்களுக்கு முதல் சில மணி நேரம் தலைவலி, குமட்டலோடு முடிந்துவிட்ட மாதிரி இருக்கும். நுரையீரலில் நீர் கோக்கிற தொல்லை ஒரு நாள், இரண்டு நாள் கழித்துகூட வரலாம். மாற்று மருந்து என்று எதுவும் கிடையாது. மருத்துவமனையில் வைத்து மூச்சையும் இதயத்தையும் பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். போன இடத்தில் எனக்கு முதலில் மாத்திரை கொடுத்து அனுப்பப் பார்த்தார்கள். அந்த டின் படத்தை நீட்டியபிறகு படுக்கையில் சேர்த்தார்கள். இரண்டு இரவு. சித்திரை முதல் நாளை மூச்சுக் குழாயோடு கொண்டாடினேன். அம்மா தூக்குச்சட்டியில் மாங்காய்ப் பச்சடி கொண்டு வந்தார். அது இறங்கியது. அதன் பிறகு ஒரு மாதம் பூண்டு ரசம் வைத்தால் வீட்டை விட்டு வெளியே போய்விடுவேன்.

இன்னொரு சின்னக் கணக்கு பாக்கி: என் போனும், மோதிரமும். பாஸ்பீன் செம்பு, வெள்ளி, தங்கம் மூன்றையும் தின்னும். போனின் சார்ஜ் போடுகிற இடம் சில நாளில் கறுத்துச் செத்தது. மோதிரம் மங்கிவிட்டது. கிடங்கில் மருந்து வைக்கப் போகும் பெண்கள் தாலிச் சங்கிலியையும் வளையலையும் கழற்றி வெளியே வைப்பது எதனால் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. அதுவரை அது ஏதோ சாத்திரம் என்றே நினைத்திருந்தேன்.

அடுத்த வாரக் கடைசியில், ஏப்ரல் 21-ம் தேதி, தெய்ன்பின் குப்பைமேடு தீப்பிடித்தது. பல நாள் எரிந்து யாங்கோன் முழுக்கப் புகை. அதற்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை, எங்கள் சாக்கு அங்கே போய்ச் சேரவே இல்லை. ஆனாலும் படுக்கையிலிருந்து வந்து பால்கனியில் நின்று அந்தப் புகையைப் பார்த்தபோது, அந்தச் சாக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தால், மழை வரும் நாளில் ஏதோ ஒரு குப்பை பொறுக்குகிற பிள்ளை அதை அவிழ்த்திருப்பான் என்றுதான் தோன்றியது.

நெருப்பு என்றால் தண்ணீர் என்பது இந்த ஊரில் ரத்தத்தில் ஊறிய பழக்கம். 2011 டிசம்பர் 29 அதிகாலையில் மிங்கலா தவுங்னியுன்ட்டில் ஒரு கிடங்கு எரிந்து வெடித்ததை எங்கள் வயதுக்காரர்கள் மறக்க மாட்டார்கள். உள்ளே என்னென்ன ரசாயனம் என்று வெளியில் யாருக்கும் தெரியாமல் இருந்த இடம். தீயை அணைக்கப் போனவர்களும் செத்தார்கள். அத்தை வீட்டு ஜன்னல் கண்ணாடி எல்லாம் உடைந்து விழுந்த கதையை இன்றும் சொல்வார். சீனாவில் தியான்ஜின் துறைமுகத்தில் 2015 ஆகஸ்ட் 12-ல் நடந்ததும் அப்படித்தான்: 173 பேர், அதில் பாதிக்கு மேல் தீயணைப்பாளர்கள். அங்கே கார்பைடும் இருந்தது, வேறு பலவும் இருந்தன. எது எங்கே என்று வெளியில் தெரியவில்லை.

கார்பைடைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் வெல்டிங் கடை இருக்கிற தெருவெல்லாம் அது இருக்கும். தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் வாயு வரும், அது காற்றில் 2.5 சதவீதம் சேர்ந்தாலே பற்றும். நனைந்த கார்பைடு டிரம்மைச் சுத்தியலால் தட்டித் திறக்கப் பார்த்து, பொறி பட்டு வெடித்தவர்கள் உண்டு. மழைக்காலத்தில் அதைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். இதோடு லித்தியம் பேட்டரியைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இப்போது மின்வெட்டுக்காக வீட்டுக்கு வீடு இருக்கிற லித்தியம் அயன் பேட்டரி எரிந்தால் ஒதுங்கி நின்று நிறையத் தண்ணீர் அடிப்பதுதான் வழி. சூடு தணியாமல் அது மறுபடி மறுபடி பற்றும். தனி லித்தியம் உலோகம் வேறு கதை. லித்தியம் என்ற பெயரைக் கேட்டதும் தண்ணீர் கூடாது என்று கை கட்டி நின்று வீட்டைக் கோட்டைவிட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

கிடங்கில் இப்போது என்ன மாறியது? டின்னின் மேல் பர்மியத்திலும் தமிழிலும் பெயின்டால் எழுதினோம்: ஈரம் பட்டால் விஷம், தீ. "செத்த மருந்து" என்று சொன்னால் அபராதம் என்று மேஸ்திரி விளையாட்டாக வைத்தார், 500 சாட். விளையாட்டு நின்றபாடில்லை, டப்பாவில் இப்போதும் காசு சேர்கிறது. மாத்திரைகளை ஒரு வரிசையாகத்தான் பரப்ப வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று படக்கூடாது. வேர்த்த கையால் தொடக்கூடாது, உலர்ந்த பருத்திக் கையுறை. ஏப்ரலில் நம் கை எப்போது வேர்க்காமல் இருந்தது? ஆளுக்கு இரண்டு ஜோடி வைத்து மாற்றுகிறோம். மிஞ்சிய தூளைச் சோப்புத் தண்ணீர் நிரப்பிய டிரம்மில், திறந்தவெளியில், காற்று வருகிற பக்கம் நின்று, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கி, 36 மணி நேரம் மூடாமல் விட வேண்டும். சோப்பு எதற்கென்றால், தூள் தண்ணீர்மேல் மிதந்து அங்கேயே பற்றிக்கொள்ளாமல் உள்ளே நனைந்து மூழ்குவதற்கு. மூடிபோட்டால் மறுபடி உரச் சாக்குக் கதைதான். இதைச் செய்ய வாயு முகமூடியும் பயிற்சியும் உள்ள ஆளை மட்டுமே விடுகிறோம். வீட்டிலோ கடையிலோ யாரும் இதைப் படித்துவிட்டுச் செய்து பார்க்காதீர்கள்.

திஞ்ஞானுக்கு ஒரு வாரத்துக்கு முன்பே மருந்து வேலையை நிறுத்திவிடுவது என்று முதலாளியிடம் பேசி வாங்கியதுதான் இதில் கஷ்டமான மாற்றம். சரக்குக் கப்பல் காத்திருக்கும், வட்டி ஓடும் என்று மூன்று மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லாரி உரிமையாளர் நஷ்டம் கேட்டு வந்த பிறகுதான் சம்மதித்தார்.

அடுத்த வருஷம் திஞ்ஞானில் அதே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். வாளியோடு வந்த அந்தப் பையன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். ஒரு வருஷமாக மனசில் வைத்திருந்திருப்பான் போலிருக்கிறது. பக்கத்தில் வந்து நின்று, குரலே எழும்பாமல் கேட்டான்: "ஊ (மாமா), அன்னைக்கு நான் ஊத்தின தண்ணியாலயா தீப்பிடிச்சது?"

சாக்கைக் கட்டியது நாங்கள், கட்டச் சொன்னது நான் என்று சொன்னேன். அவன் யோசித்தான். அப்புறம் என்னுடைய பையில் என்ன இருக்கிறது என்று கேட்டான். கணக்கு நோட்டுதான் என்றேன். திறந்து காட்டச் சொன்னான். காட்டினேன். சரி என்று தலையாட்டிவிட்டு, நோட்டை எடுத்து மேஜையின் அந்தப் பக்கம் வைத்தான். அப்புறம் வாளியைத் தூக்கி என் தலையில் கவிழ்த்தான்.